எடைக்கு எடை வெல்லம்

என் தங்கை காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை விளம்பரங்களில் புடவை கட்டி நிற்கிறவள். உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊரில் அவள் படம் வராத செல்போன் கிடையாது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது. ஆனால் போன கோடையில் அவள் குளியலறையில் மயங்கி விழுந்த நாளிலிருந்து, அந்த விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் எனக்குத் தெரியும். படம் எடுக்கிற ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு முறையும் அவளை எடைமெஷினில் ஏற்றிப் பார்க்கிறான். "கேமரா சதை போட்டுக் காட்டும்மா, இன்னும் கொஞ்சம் இறங்கணும்" என்பான். இவளும் வெள்ளரிக்காயும் வெந்நீருமாக இறங்கிக்கொண்டே போனாள்.

ஒருநாள் பொறுக்காமல் கத்திவிட்டேன். "நெல்லு மூட்டைய கொள்முதலுக்கு எட்த்துக்கினு போனா, ஈரம் எவ்ளோ, பதர் எவ்ளோன்னு கவர்மெண்ட்டு நோண்டி நோண்டிப் பாக்குது. உன்னை இப்படிக் காயவச்சு நிக்கவைக்கிறானே, அவனைக் கேக்க ஒரு சட்டம் வாணாமா? இவ்ளோ எடைக்குக் கீழ கீற பொண்ணை வச்சு எடுத்தா புடிச்சு உள்ள வைக்கணும்."

"சட்டம் வந்தா அவனையா வூட்டுக்கு அனுப்புவாங்க? என்னைத்தான் அனுப்புவாங்க. பொறப்புலயே ஒல்லியா கீறவ இன்னா பண்ணுவா? என் ஒடம்ப அளக்க கவர்மெண்ட்டு யாருண்ணா? ஏஜென்சிக்காரன் அளக்கறது போதாதா?" என்றாள்.

எழுந்து வயலுக்குப் போய்விட்டேன். அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் என் எரிச்சலே.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அவள் கணக்கு வேறு. தங்கை சின்ன வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது, பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் தருவதாக ஊர்க் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தாள். அதை இத்தனை வருஷமாகச் செலுத்தவில்லை. அந்தச் சாமி குத்தம்தான் பெண்ணை இளைக்க வைக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். "வேண்டுதல தீத்துட்டா எல்லாம் சரியாப்பூடும்" என்று அப்பாவை நச்சரித்து, ஒரு வெள்ளிக்கிழமை துலாபாரத்துக்கு ஏற்பாடு செய்தாள். மறுநாள் தங்கைக்கு ஐயங்கார்குளத்தில் ஷூட்டிங்.

அப்பா வெல்லத்தைக் கண்ணளவில் வாங்கினார். தினம் பார்க்கிற பெண்தானே என்று எடை கேட்கவில்லை. கல்லூரிக்குப் போன காலத்துத் தங்கைதான் அவர் கண்ணில் இருந்திருக்கிறாள். கோயிலுக்கு வந்ததும் வராததுமாக மொத்த வெல்லத்தையும் தராசின் ஒரு தட்டில் அடுக்கிவிட்டார். எதிர்த்தட்டை நான் கீழே இழுத்துப் பிடிக்க, ஜரிகைப் புடவையும் நகையுமாகத் தங்கை ஏறி உட்கார்ந்தாள். நான் கையை விட்டேன்.

தட்டு அவளோடு மேலே போய் நின்றது.

சுற்றி நின்ற சொந்தக்காரப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். "இன்னாடி, பொண்ணு உக்காந்தாளா இல்லியா?" என்று ஒருத்தி கேலி செய்தாள். குருக்கள், "கொஞ்சம் எடுங்கோ, சமமாகட்டும்" என்றார். அப்பா ஒரு வெல்லக்கட்டியை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு இரண்டிரண்டாக எடுத்தார். தட்டு அசையவில்லை. எடுக்க எடுக்கச் சிரிப்பு நின்றுபோனது. தங்கை சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதய்யா!" என்று அம்மா கத்தினாள். எடுத்த கட்டிகளை எல்லாம் திரும்பத் தட்டில் வைத்தாள். "எம் பொண்ணு எடை இது. சாமிக்கி இதான் குடுப்பேன்." பிறகு தங்கையின் தட்டை இரண்டு கைகளாலும் எட்டிப் பிடித்து, தன் உடம்பையே போட்டுக் கீழே அழுத்தினாள். தராசு முள் நடுவுக்கு வந்தது. குருக்கள் கற்பூரம் காட்டினார்.

"கைய எடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் தங்கை.

"சாப்புட்றேன்னு சொல்லு, எடுக்கறேன்."

தங்கை என்னைப் பார்த்தாள். நாளைக் காலையில் அவளை மெஷினில் ஏற்றப்போகிறவனின் கையைப் பிடித்து நிறுத்த எனக்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அவளை வீட்டுக்கு அனுப்பாமல் அவனை மட்டும் நிறுத்துகிற சட்டம் எங்காவது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கி ஷூட்டிங் முடியட்டும்மா, சாப்புட்றேன்" என்றாள்.

அம்மா கையை எடுக்கவில்லை.