காலி டம்ளர்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நோயாளியின் வீட்டார் குறுக்கே வந்தால் போதும், வாய் சும்மா இருக்காது.

ஒரு சித்திரை மாதக் காலையில், சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை லாரியில் கொண்டுவந்தார்கள். மருந்து தீப்பிடித்து இரண்டு கைகளும் நெஞ்சும் வெந்திருந்தன. வாழையிலையில் கிடத்தினோம். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வெந்த இடம் வழியாக உடம்பின் நீர் வடிந்துகொண்டே இருக்கும்; ஈடுகட்டாவிட்டால் உயிருக்கே ஆபத்து. டம்ளரில் ஊற்றி அவள் புருஷனிடம் கொடுத்துவிட்டு மற்ற கட்டில்களைக் கவனித்தேன். அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நான் திரும்பி வரும்போதெல்லாம் டம்ளர் காலியாக இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அவள் முனகல் அடங்கியது.

"இப்பத் தேவல நர்சம்மா. தண்ணி தண்ணின்னு அரட்டிக்கிட்டே கெடந்தா, இப்ப அமந்துட்டா" என்றார் அவள் புருஷன்.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கத்துகிறவளுக்குக் கத்தவாவது தெம்பு இருக்கிறது. நாடியைப் பிடித்தால் நூலாக ஓடியது. பாதம் சில்லிட்டிருந்தது. நாக்கு வறண்டு சொரசொரத்தது. மூத்திரக் குழாயின் பாட்டிலில் கடுங்காப்பி நிறத்தில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அத்தனை டம்ளர் குடித்த உடம்பா இது? டம்ளரை விட்டுவிட்டு உடம்பை நம்பினேன். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் உடனே சலைன் ஏற்றத் தொடங்கினார்.

பிறகுதான் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்த கரிசல் மண்ணில் ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிய ஈரம் இருந்தது.

"ஏன்ணே, பொண்டாட்டியக் கொல்லவா பாக்குறீக?" என்று கத்திவிட்டேன்.

அவர் உடைந்து அழுதார். "காப்பாத்தத்தான் தாயீ பாத்தேன். தீப்பட்டவுகளுக்குத் தண்ணி குடுத்தா உசுரு போயிரும்னு எங்க ஊர்ல சொல்லுவாக. எங்க அண்ணன் அப்படித்தான் போனான். கெஞ்சிக் கேட்டான்னு என் கையாலதான் குடுத்தேன். குடிச்ச கையோட போயிட்டான்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த மனிதரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தண்ணி அவரைக் கொல்லலண்ணே. ஒடம்புல நீர் வத்திப்போயித்தான் அம்புட்டு தாகம் எடுத்துருக்கு. நீங்க குடுக்குறதுக்கு முன்னாலயே கை மீறிப் போயிருக்கும்" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் பாட்டிலில் மூத்திரம் தெளிந்து இறங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவளும் கண் திறந்தாள். இனி வாய்வழியாகவும் கொடுக்கலாம் என்றார் டாக்டர். டம்ளரை அவள் புருஷன் கையிலேயே கொடுத்தேன். வாங்கியவர் என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நீங்களே குடுங்கண்ணே. நான் இங்கனதான் நிக்கேன்."

ஒரு வாய் விழுங்கினாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். இன்னொரு வாய் விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் மெல்லத் தலையைத் திருப்பி என்னிடம் சொன்னாள்:

"அவுகளுக்கும் குடுங்க. நான் குடிக்காம அவுக குடிச்சிருக்க மாட்டாக."

அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். காய்ந்து வெடித்திருந்தது. பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தேன். அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார்.