வலது பக்கம் மேலே

தாம்பரம் மேற்கில் ஓர் ஆண்கள் துணிக்கடை. பழைய ஜப்பானிய ஓவியங்களில் வரும் கொக்கையும் அலையையும் அச்சிட்டு, கிமோனோ வெட்டில் ஒரு மேல்சட்டை கொண்டுவந்தார்கள். பொத்தான் கிடையாது. முன்பக்கத் துணி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து நாடாவால் கட்ட வேண்டும். பத்திரிகை வேலையை விட்டிருந்த நான் அதற்கு விளம்பர வாசகம் எழுதப் போயிருந்தேன்.

துணி வெட்டியவர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் பெண். மூன்று மாதமாகத்தான் கட்டிங் மாஸ்டர். அதுவரை அதே கடைக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுத்தவர். ஓவியங்களைப் பார்த்து, இடது பக்கம் மேலே வரும்படி மாதிரிச் சட்டை ஒன்று தைத்திருந்தார். முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, நல்ல நாள்ல போடற துணி. இடது மேல வரலாமா? வலது பக்கத்த மேல கொண்டு வா.”

“படத்துல எல்லாம் இப்டிதான் சார் கீது.”

“படத்துல இருக்கறவனா வந்து வாங்கப்போறான்? மாத்து.”

நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் சொல்வதே சரி என்று பட்டது. நமக்கெதற்கு என்று டீயைக் குடித்தேன்.

சட்டைகள் விற்பனைக்கு வந்த வாரம், ஒரகடம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஜப்பானியர் ஒருவர் கடைக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். பொம்மைகளுக்குப் போட்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. வலது பக்கம் மேலே வர உடுத்துவது தங்கள் நாட்டில் பிணத்துக்கு மட்டும்தான் என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில், தணிந்த குரலில் சொன்னார்.

“மச்சான், பாடைக்கு ரெடிமேடு!” என்றான் சட்டை பார்த்துக்கொண்டிருந்த ஒருவன். கடையே சிரித்தது.

முதலாளி அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் வரவழைத்தார். “தப்பா வெட்டி வெச்சிருக்கு இந்தம்மா. காஜா எடுக்கறவள மாஸ்டர் ஆக்கினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.” கண்ணிமைக்காமல் சொன்னார்.

“மாத்தச் சொன்னது நீங்க. அன்னிக்கு நான் இங்கதான் இருந்தேன்” என்றேன்.

“இருந்தீங்க. அப்ப ஏன் சார் பேசல?” என்றார் முதலாளி.

அன்றே அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார். அந்த ஆள்மீது எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதால்தான் அது அதிகம்.

பேருந்து நிறுத்தம்வரை அந்தப் பெண்ணோடு நடந்தேன். நாளைக்கு மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

“இன்னாத்த பேசுவீங்க சார்? அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னிக்கும் மாஸ்டரு. இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் காஜாதான்.”

பேருந்து வந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார்.