ஒரே தடவைதான் கேட்கும்

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், காபி சாப்பிடுகிறீர்களா என்று நாங்கள் கேட்பதும் வேண்டாம் என்று அவர் சொல்வதும் வெறும் ஆரம்பம்தான். "இப்பதான் ஆச்சு" என்பார். "அரை டம்ளராவது" என்போம். "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்பார். அதற்குள் பால் பொங்கியிருக்கும். கேட்டவுடனே சரி என்று சொல்லிவிடுகிற ஆளைப் பற்றி, அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போன பிறகு ஒரு வார்த்தையாவது பேசாமல் இருக்க மாட்டோம். மைசூரில் கன்னடக்காரர்கள் வீட்டிலும் இதே கதைதான். 'பேடா, பேடா', அதாவது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் டம்ளருக்குக் கை நீட்டுவார்கள். அப்பா ரயில்வே வேலையாக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது, நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிராத ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதை முதலில் சொல்லாவிட்டால், தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் ஒரு வேலைக்கும் நடுவில் நடந்தது யாருக்கும் புரியாது.

அப்போது எங்கள் ஆபீஸ் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறம், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றித் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்து அடித்து என் வலது மணிக்கட்டு கெட்டுப்போயிருந்தது. சப்பாத்தி மாவு பிசைய முடியாது. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தால் முழங்கை வரைக்கும் சுரீர் என்று இழுக்கும். டைப் அடிப்பதை நிறுத்தாவிட்டால் கத்தி வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடு என்பார்கள். விடுவதற்கும் எனக்கு மனமில்லை, தொடர்வதற்கும் கையில்லை.

அந்தச் சமயத்தில்தான் விஜயநகரில் இன்னொரு கிளை திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை. புத்தகம் அடிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். முதலாளி காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க விருப்பமில்லாமல் எல்லா மெஷினிலும் லினக்ஸ் போட்டிருந்தார். அதைப் பற்றிய தடிப்புத்தகத்தை முழுவதும் படித்த ஆள் அந்த மாடியில் நான் ஒருத்திதான். மெஷின் எது முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே அந்த வேலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வேண்டும். அதற்கு முன் எதையும் அவ்வளவு வெறியோடு விரும்பியதாக எனக்கு ஞாபகமில்லை.

மானேஜர் என்னைவிடச் சின்னவர். பம்பாயில் வளர்ந்து, பிறகு பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷன், குரலை உயர்த்த மாட்டார். ஒரு நாள் காலையில் எல்லோரும் இருக்கும்போதே என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், விஜயநகர் மெஷின் எல்லாம் நீங்க பாத்துக்கறீங்களா?"

"ஐயோ, நான் எதுக்கு சார். எனக்கு மேல எவ்வளவோ சீனியர் இருக்காங்க."

"ஓகே. நோ ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

நான் கீபோர்டில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். 'அதெல்லாம் இல்லை மேடம், உங்களாலதான் முடியும்' என்று அவர் சொல்ல வேண்டிய இடம் அது. நான் கொஞ்சம் தயங்கி, நீங்க இவ்வளவு சொல்றதால சரி என்று தலையாட்ட வேண்டிய இடம். பாதியில் விட்டுப் போய்விட்டாரே என்று இருந்தது. சரி, ஏதோ அவசரம், நாளைக்குக் கேட்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் அவர் என் பக்கம் வரும்போதெல்லாம் அடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் தயாராக வைத்துக்கொள்வேன். அவர் ஸ்டேப்ளர் கேட்பார்.

பிறகு புது மெஷின்கள் பெட்டி பெட்டியாக வந்து எங்கள் மாடிப்படியில் அடுக்கப்பட்டன. இதையெல்லாம் தயார் செய்து கொடுங்கள் என்றார். என் வழக்கமான பக்கங்களை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் செய்ய வேண்டும். ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். வேலையைப் பார்த்தாவது இன்னொரு தடவை கேட்க மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

அந்த மெஷின்களில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. நமக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமானால் அதன் பெயரைத் தட்டினால் போதும். அதற்குத் துணையாக வேறு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அதுவே கண்டுபிடித்து, கொண்டுவந்து, பொருத்திவிடும். படம் கிடையாது, பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். எங்கே போய் எடுக்க வேண்டும், கிடைக்காவிட்டால் எத்தனை தடவை முயல வேண்டும், எடுத்ததை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்பதையெல்லாம் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிவைத்துவிட்டால் அதன்படி நடக்கும். முதலில் சிடியில் தேடு, அடுத்து எங்கள் பெரிய மெஷினில் தேடு, கடைசியாகத்தான் டெலிபோன் லைனில் போ என்று நான் எழுதினேன். லைன் அறுந்தால் மறுபடி முயற்சி செய் என்று எழுதினேன். பாதி வந்ததைத் தூக்கிப் போடாதே என்று எழுதினேன். எங்கேயாவது ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், எந்த வரியில் தப்பு என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு மொத்தமாக வேலையை நிறுத்திவிடும். இடது கையாலேயே அடிக்கப் பழகிக்கொண்டிருந்ததால் அடைப்புக்குறி எனக்கு அடிக்கடி தவறும்.

ஒரு மெஷினில் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. அதே ஃபைலை மற்றவற்றிலும் போட்டுவிட்டு, மிச்சத்தை அக்காவிடம் விட்டேன். அக்கா என்று நான் கூப்பிட்டது என் அடுத்த மேஜைக்காரியை. ஆபீஸ் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர், ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான் பாக்கி. மதியம் நான் கைக்கு மெழுகு ஒத்தடம் வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. இந்த வரியை மட்டும் தட்டுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எந்த மெஷினிலும் ஒன்றும் ஏறியிருக்கவில்லை. மறுநாளும் அதே கதை.

நான் ஃபைலைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். சிடியைத் துடைத்தேன். ஒயரை மாற்றினேன். கை ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்க, இந்த ஃபைலைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவளுக்கு எதற்கு இன்னொரு தடவை கேட்பார் என்று மனம் வேறு குத்திக்காட்டியது. கடைசியில் அலுத்துப்போய், எங்கே, நீங்கள் செய்யுங்கள் பார்க்கலாம் என்று அக்காவின் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

அக்கா வரியைச் சரியாகத்தான் தட்டினார். என்னென்ன வரப்போகிறது, எவ்வளவு இடம் பிடிக்கும் என்று திரையில் வரிசையாக ஓடியது. கடைசியில், தொடரட்டுமா, சரியா வேண்டாமா என்று கேட்டு நின்றது. அக்கா 'வேண்டாம்' என்பதற்கான எழுத்தை அடித்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக் காத்திருந்தார்.

"அக்கா, ஏன் வேண்டாம்னு அடிச்சீங்க?"

"பின்ன, கேட்ட உடனே சரின்னா நல்லாவா இருக்கும்? இவ்வளவு எடுக்கப் போறேன், இவ்வளவு எடம் அடைக்கும், பரவாயில்லையான்னு அது அத்தனை மரியாதையா கேக்குது. சும்னே ஒரு பேச்சுக்கு வேண்டாம்னேன். திரும்பக் கேக்கும்ல?"

"கேக்காது அக்கா."

"ஒரு தடவைகூடவா?"

"கேட்டாச்சே. அந்த ஒரே தடவைதான்."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்போ இதுவும் நம்ம மானேஜர் ஜாதிதான்" என்றார்.

நான் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்தேன். "ஏன், உங்களை என்ன கேட்டார்?"

"விஜயநகருக்கு நீங்க போறீங்களான்னார். மெஷினைப் பத்தி உனக்குத் தெரியும், எனக்கு என்ன தெரியும், ஆனாலும் கத்துக்கலாமேன்னு உள்ளுக்குள்ள ஆசை. இந்த வயசுல நமக்கு எதுக்கு சார்னு சொன்னேன். சரின்னு போயிட்டார். நானும் இன்னிக்குக் கேப்பார் நாளைக்குக் கேப்பார்னு பாத்துண்டே இருக்கேன். அந்த ப்ரூஃப் பாக்கறவரையும் கேட்டாராம். அவரும் வேண்டாம்னுட்டாராம்."

நான் சிரித்துவிட்டேன். ஒரு மாடி ஆபீஸ் முழுக்க, ஆளுக்கு ஒரு நாற்காலியில், இரண்டாவது தடவைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மானேஜரானால் மைசூரில் ஒருத்தருக்கும் முன்னேற விருப்பமில்லை என்று முடிவுகட்டியிருப்பார். சிரிப்பு அடங்கியதும் ஒரே அசதியாக இருந்தது. அப்படியே ஸ்டூலில் சரிந்து தூங்கிவிடலாம் போல.

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து இன்னொரு வரி சேர்த்தேன். யாரையும் எதுவும் கேட்காதே, எல்லாவற்றுக்கும் சரி என்றே எடுத்துக்கொள் என்பது அந்த வரிக்கு அர்த்தம். மளமளவென்று எல்லா மெஷினிலும் ஏறத் தொடங்கிற்று. அந்த வரியைப் பற்றிப் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை போட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்று எழுதிவைத்திருந்தாலும், மெஷின் உயிரோடு இருப்பதற்கே தேவையான ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தால் மட்டும் அது சம்மதிக்காமல் நின்றுவிடுமாம். படித்தபோது நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே மானேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சார், விஜயநகர் வேலை எனக்கு வேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே மேடம் வேண்டாம்னீங்க?"

"இன்னொரு தடவை கேப்பீங்கன்னு சொன்னேன் சார்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. பேனாவை மூடினார், திறந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையிலேயே வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீங்க வேண்டாம்னா அதை மதிக்கணும் இல்லையா? வற்புறுத்தக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெங்களூர்ல ஒருத்தருக்கு ஆர்டர் போயாச்சு மேடம். அடுத்த மாசம் வரார்" என்றார்.

சரி சார் என்று திரும்பினேன். கதவுக்குப் போவதற்குள் பின்னாலிருந்து, "அவர் பழகற வரைக்கும் அங்க கொஞ்சம் நீங்களே பாத்துக்கறீங்களா? இங்க உங்க பக்கங்களும் நிக்கக் கூடாது. ரெண்டும் முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார்" என்றேன். அவர் வாக்கியத்தை முடித்தாரோ இல்லையோ, நான் சொல்லிவிட்டேன். ஒரே தடவைதான் கேட்பார் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன், அந்தப் பாடத்தை இதற்குப் போய்ப் பயன்படுத்தினேன். வெளியே வந்ததும் அக்கா என்ன ஆச்சு என்று கண்ணாலேயே கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பைக்குள் விட்டு மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த மெஷினுக்குக்கூட வேண்டாம் என்று நிற்கத் தெரிகிற ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அப்படி எதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. நானும் எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டில் என் கணவர் எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார். அவருக்குக் காலை ஷிஃப்ட் என்றால் சாயங்காலக் காபி அவர் பொறுப்பு. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "காபி போடட்டுமா?" என்றார்.

"போடுங்க."

பேப்பர் கீழே இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் முதலில் சொல்வது, வேண்டாம், நானே போட்டுக்கறேன் என்பதுதான். அதற்கப்புறம்தான் அவர் எழுந்திருப்பார். இப்போது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னாலும் விட மாட்டார், இன்னொரு தடவை கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் என்றைக்கும் கேட்கிறவர்தான். ஆனால் அதுவரைக்கும் காத்திருக்க என்னிடம் தெம்பு இல்லை. கை வலிக்குதுங்க என்று சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அழுதேன்.