சர்ப்பகந்தியின் ஸ்பெல்லிங்

தொண்ணூறுகளில் உத்திரமேரூர் மூலிகை ஏற்றுமதி மண்டியில் நான் டைப்பிஸ்ட். சர்ப்பகந்தி பயிரிட்டிருந்த அந்த அம்மாள் நெடுநெடுவென்ற உயரம். வேரை நகத்தால் சுரண்டி முகர்ந்துகொண்டேதான் பேசுவார். காட்டில் பிடுங்கியதல்ல, வயலில் விளைந்தது என்று சான்றிதழும் வாங்கித் தந்திருந்தார். அதிலிருந்த லத்தீன் பெயரை ஏற்றுமதிப் பத்திரத்தில் நான் பழைய புத்தகத்தைப் பார்த்து, ‘வி’க்குப் பதில் ‘டபிள்யூ’ போட்டு அடித்துவிட்டேன். பெயர் ஒத்துவரவில்லையென்று துறைமுகத்தில் நிறுத்திய மூட்டைகள் பூசணம் பிடித்துத் திரும்பின.

“ரெண்டும் ஒரே செடிதாம்மா,” என்றேன்.

“செடி எனக்குத் தெரியாதா? படிச்சவங்க எல்லாம் ஒரே பேரா எய்தறதுக்கு இன்னா பேஜாரு?” மூட்டையிலிருந்து ஒரு வேரை உருவி நீட்டினார். “கடிச்சி பாரு நைனா. எந்த எய்த்து கசக்குதுன்னு சொல்லு.”

கடித்தேன். நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். மறுவருஷம் அந்த நிலத்தில் நெல் நட்டிருந்தார்.