டைகருக்கு விரதம் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன், கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவின்போது நடந்தது இது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். காய்கறி லோரி ஓட்டும் என் கணவர், நான், எங்கள் கிழட்டு நாய் டைகர். பெயர்தான் டைகர். பூனை முறைத்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு டைகர் ஓயாமல் தண்ணீர் குடித்தது. வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தது. நன்றாகச் சாப்பிட்டும் விலா எலும்பு தெரிய இளைத்தது. மலையிறங்கி ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்றார் மிருக வைத்தியர். நாய்க்கும் அது வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் சாப்பாடு, சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் ஊசி. சாப்பிடாத நாய்க்கு ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அழுத்திச் சொன்னார். தள்ளாடினால் தேனையோ சீனித் தண்ணீரையோ ஈறில் தடவிவிட்டு உடனே தன்னைக் கூப்பிடச் சொன்னார்.

மலைப்பாதை வளைவில் லோரியை ஒற்றைக் கையால் திருப்பும் என் கணவருக்கு, அந்தச் சின்ன ஊசியைக் கண்டதும் வேர்த்துக் கொட்டியது. வேலை என் தலையில் விழுந்தது. தக்காளியில் தண்ணீரை ஏற்றிப் பழகினேன். அவித்த கோழி, கொஞ்சம் பயற்றங்காய், ஒரு பிடி சோறு என்று டைகரின் சாப்பாடும் ஒரு வழிக்கு வந்தது. டைகரும் தேறி வந்தது.

அப்போதுதான் கோயிலில் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டிவிட்டால் திருவிழா முடியும் வரை எங்கள் லயத்தின் வரிசை வீடுகள் எதிலும் கவுச்சி வேகாது. முட்டைகூடக் கிடையாது. அதிலும் எங்களுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஆண்டுதோறும் பூ மிதிப்பவர். கியா பார்ம் பக்கம் பூத்தோட்ட வேலை. கேமரன் குளிரில் விடியும் முன்பே பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்பவர். முந்திய ஆண்டு ஒரு வீட்டில் தெரியாமல் நெத்திலி வறுத்துவிட்டார்கள். வாடை பிடித்து வந்தவர், வீடு முழுக்கக் கழுவ வைத்த பிறகுதான் நகர்ந்தார். அவர் வாயில் விழுவதற்குத் தீயிலேயே விழலாம் என்று என் கணவர் சொல்வார். நடுவில் இருப்பதோ ஒரே ஒரு பலகைச் சுவர்.

அந்தப் பயத்தில் டைகரையும் விரதத்தில் சேர்த்துவிட்டேன். கோழிக்குப் பதில் பருப்புச் சோறு. வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாமி காரியத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சம். முதல் நாள் மாலை டைகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகத் தின்றது.

மறுநாள் காலை கணவர் லோரியோடு கோலாலம்பூர் போய்விட்டார். பின்கட்டில் டைகருக்குச் சோறு வைத்துவிட்டு மாவிளக்குக்கு மாவு இடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டு துடைத்த மாதிரி இருந்தது. சமர்த்து என்று தலையைத் தடவிக்கொடுத்து ஊசியைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், டைகர் கள்ளுக்கடையிலிருந்து வருகிற ஆள் மாதிரி நடந்து வந்தது. பின்னங்கால் மடிந்தது. தலை ஆடியது. அப்படியே சரிந்து விழுந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த லயத்துக் கோழிகளைப் பார்த்தேன். ஒன்றின் அலகில் மஞ்சளாகப் பருப்பு ஒட்டியிருந்தது. நாய் தின்ன வேண்டிய கோழி, நாயின் சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அக்கா ஈரத் தலையோடு ஓடி வந்தார்.

“சாப்பிடாம ஊசி போட்டுட்டேங்கா! தேன் வேணும், சீனி வேணும், ஏதாச்சும் கொடுங்க, செத்துருவான்!”

அவர் திரும்பி ஓடினார். வீட்டுக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தார். அம்மன் அபிஷேகத்துக்கென்று வாங்கி வைத்திருந்த தேன். மூடிகூடத் திறக்காதது.

“அக்கா, அது சாமிக்கு...”

“வாயத் தொறந்து புடி புள்ள!”

“ஊத்திறாதீங்க, புரையேறிரும். ஈறுல மட்டும் தடவுங்க.”

தரையில் மண்டியிட்டு, மஞ்சள் காப்பு கட்டிய கையை டைகரின் வாயில் விட்டுத் தடவினார். எச்சில் காப்பின்மேல் வழிந்தது. எனக்கு அழுகை முட்டியது. டைகருக்காகவா, அந்தக் கைக்காகவா என்று தெரியவில்லை. மெல்ல டைகரின் கண் திரும்பியது. நாக்கு அவர் விரலைத் தேடி நக்கியது.

வைத்தியரைப் போனில் கூப்பிட்டேன். உடனே சாப்பிட வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள், மறுபடி தள்ளாடினால் கொண்டு வந்துவிடுங்கள் என்றார். மிச்சமிருந்த பருப்புச் சோற்றை வைத்தேன். அந்த நிலையிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“வழக்கமா என்னதான் திம்பான்?” என்று அக்கா கேட்டார்.

தயங்கித் தயங்கி, “கோழி” என்றேன்.

“அப்பறம் ஏன் பருப்பப் போட்ட?”

“உங்களுக்குப் பயந்துதாங்கா.”

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “காப்பு எனக்குல்ல கட்டிருக்கு? நாய்க்கா கட்டிருக்கு? போ, சீனன் தோட்டத்துல கேட்டு வாங்கியா. நான் பாத்துக்கறேன்லா.”

பக்கத்துத் தோட்டத்துச் சீனர் வீட்டிலிருந்து கோழி வாங்கி வந்து பின்கட்டில் அவித்தேன். வாடை சும்மா இருக்குமா? கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் சட்டியை மூடப் போனேன். அக்கா தடுத்துவிட்டு நடுவாசலில் போய் நின்றார்.

“இங்க கோழி வேகுது. திருவிழா முடியிற வரைக்கும் ரெண்டு வேளையும் வேகும். சீக்கு நாய்க்கு அது மருந்து. கொறை சொல்றவங்க என்கிட்ட சொல்லுங்க, அந்தப் புள்ளகிட்டப் போகாதீங்க.”

ஒரு பெண் மெதுவாகச் சொன்னார். “நாளைக்கு நீங்க பூ மிதிக்கணும். காலு கீலு சுட்டா?”

“சுட்டா என் காலுதானே. ஒனக்கு என்ன?”

திறந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. டைகர் சட்டியை வழித்துத் தின்றது.

ஆனால் எனக்குத்தான் அன்று முழுக்க ஒரே கவலை. அவர் காலில் ஒரு கொப்புளம் வந்தாலும் பழி கோழிமேல்தான் விழும். தெரிந்துதான் அவர் அப்படிப் பேசினார். மறுநாள் மாலை, கணவரை டைகருக்குக் காவல் வைத்துவிட்டு, பூக்குழியின் மறுமுனையில் பால் ஊற்றியிருந்த குழியருகே போய் நின்றேன். அக்கா கரகத்தோடு வந்தார். ஓடவில்லை. வழக்கம்போல நடந்தே வந்தார். பாலில் கால் வைத்ததும் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார்.

“தின்னானா?” என்றார்.

தின்றான் என்று தலையாட்டினேன். கால் சுட்டதா என்று நான் கேட்கவும் இல்லை, இன்றுவரை அவர் சொல்லவும் இல்லை.

டைகர் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்து, வயதாகித்தான் போனது. எத்தனையோ பேர் விரதம் இருந்து பார்த்திருக்கிறேன், நானும் இருக்கிறேன்; ஆனால் தன் உடம்பை அவ்வளவு வருத்திக்கொண்டு, வாயில்லா ஜீவனை ஒரு வேளைகூட வருந்த விடாத அந்த அக்காவைத்தான், கோயிலில் கை கூப்பும்போதெல்லாம் அம்மனுக்கு அடுத்தபடியாக நினைத்துக்கொள்கிறேன்.