ஒரு குழாய் ரத்தத்தில் இரண்டு

பென்னலூர் முத்துச்செல்விக்கு இருபது வயதில் கிடைத்த முதல் வேலை, சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த செல்போன் கம்பெனியில். லென்ஸுக்கு அடியில் வரும் ஒவ்வொரு போர்டையும் பார்த்து, பற்றவைப்பு சரியில்லாததைத் தனியே தள்ள வேண்டும். பக்கத்து ஸ்டூலில் செய்யாற்றுப் பெண் கங்கா. தலையைத் தூக்கினால் சூப்பர்வைசர் வந்துவிடுவார் என்பதால், அங்கே இருந்த ஆறு வருஷமும் இருவரும் முகம் பார்க்காமலேயே பேசிக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சு, ரூமில் தண்ணீர் வராதது, எல்லாம் போர்டைப் பார்த்தபடிதான். இன்றைக்கும் கங்காவை நினைத்தால் முத்துச்செல்விக்கு முதலில் ஞாபகம் வருவது முகமல்ல, காதோரம் கேட்ட அந்தக் குரல்தான்.

கம்பெனி மூடியதும் கங்கா கல்யாணமாகி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனாள். முத்துச்செல்வி லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, ஒரகடத்தில் ஒரு சிறிய ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தாள். புற்றுநோய்க் கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் ஓடும் செல்களைத் தேடும் இடம் அது. ஒரு குழாய் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தச் செல் ஒன்றோ இரண்டோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாயம் ஏற்றிப் பார்த்தால் பச்சையாக மின்னும், நடுவில் உட்கரு நீலமாகத் தெரியும். வேலைக்கு எடுத்தபோது கூடத்தை நடத்தும் டாக்டர் ஜயஸ்ரீ கேட்டது ஒரே கேள்வி.

"எவ்ளோ நேரம் அலுக்காம பாப்பீங்க?"

"ஷிப்டு முழுக்க பாப்பேன் மேடம்."

போன ஆடியில் ரத்தம் கொடுக்க வந்தவர்களில் கங்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி எடுத்து, சிகிச்சை முடிந்தவள். ஆஸ்பத்திரிதான் இந்த ஆய்வுக்கு அனுப்பியிருந்தது.

"இன்னாடி, இங்கயும் பொறுக்கி எடுக்கிற வேலதானா?"

"ஆமாண்டி. இது இன்னும் பொடிசா கீது."

அன்று பன்னிரண்டு பேருடைய ரத்தம். கண்ணாடித் தகடுகளில் நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. ஒன்பதாவதில், ஓரமாக, இரண்டு பச்சைப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் அவற்றைத் தூசி என்று ஒதுக்கியிருந்தது. அப்படியே விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இது கங்காவுடையதாக இருக்கக்கூடாது என்று நினைத்தாள். அப்படியானால் யாருடையதாக இருக்கலாம்? கை மவுஸின் மேலேயே நின்றது. பிறகு ஜயஸ்ரீயைக் கூப்பிட்டாள்.

"தூசின்னா நடுவுல நீலம் தெரியாது மேடம். இதுல தெரியுது."

ஜயஸ்ரீ பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். "செல்லுதான்," என்றார். அந்த நம்பரை ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்தார்.

மூன்று வாரம் கழித்து கங்கா போன் செய்தாள். "ஸ்கேன் எடுத்தாங்கடி. ஈரல்ல சின்னதா ஒண்ணு கீதாம். ஊசியால சதை எடுத்துப் பரிசோதனை பண்ணி, அதேதான்னுட்டாங்க. ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதுன்னாரு டாக்டரு."

"நான்தாண்டி பாத்தேன்," என்றாள் முத்துச்செல்வி.

"வேற எவ பாப்பா?" என்றாள் கங்கா. அதன்பின் இருவருமே கொஞ்ச நேரம் அழுதார்கள்.

ஆறு மாதம் மருந்து ஓடியது. தையில் மறுபடி எடுத்த ரத்தத்தை முத்துச்செல்வியும் ஜயஸ்ரீயும் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒன்றும் தென்படவில்லை. ஸ்கேனில் கட்டியும் சுருங்கியிருந்தது. மருந்தை நிறுத்தக்கூடாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

அன்று சாயங்காலம் இருவரும் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது, பழைய கம்பெனி இருந்த இடத்தில் வந்திருக்கும் புதுக் கம்பெனியின் ஷிப்டு பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கிப் போனார்கள்.

"இதுங்களும் லென்ஸுல பாக்குதுங்களா?"

"இப்ப எல்லாம் கேமராதான் பாக்குதாம்."

"அப்ப இதுங்க இன்னாதான் பேசிக்கும்?" என்று கேட்டுவிட்டு, கங்கா டீக்கடையில் பஜ்ஜி வாங்கினாள். பல மாதத்துக்குப் பிறகு பசிக்கிறது என்று சொல்லி, மூன்று தின்றாள்.