தலையாட்டிய ஜப்பான் எம்.பி.

செங்கலடியில் என் மகள் ஜப்பான் மொழி படிக்கும் வகுப்புக்கு அந்நாட்டு எம்.பி. ஒருவர் வந்திருந்தார். முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு அங்கே போகும் பிள்ளைகளின் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். நகரசபையில் தொடங்கி பாராளுமன்றம் வரை போனவர், பழமைவாதக் கட்சிக்காரர் என்றார்கள். மெலிந்த மனிதர், அந்த வெக்கையிலும் கோட்டைக் கழற்றவில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் மூத்தவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்டும் இப்படித்தான் தலையாட்டினான். மகன் இன்றுவரை திரும்பவில்லை.

"என்ட புள்ள பத்திரமா இருப்பாளா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

மொழிபெயர்த்த பெண் சிரித்தாள். "அக்கா, நீங்க சொல்றது கேக்குது எண்டதுக்குத்தான் அது. ஓம் எண்டு இல்ல."

பிறகு அவர் பேசினார். வெளியாட்களை நம்பித் தன் நாடு இருக்கக்கூடாதாம். வருகிறவர்கள் சட்டத்தை மதித்து வேலை செய்து, காலம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டுமாம். தங்கவிடக்கூடாது என்பதே அவர் கொள்கையாம்.

"வேலைக்கு ஆள் வேணுமாம், ஆனா அங்க தங்கி இருக்க ஆக்கள் வேணாமாம்" என்று முணுமுணுத்தார் பக்கத்திலிருந்த தகப்பன்.

நான் மறுபடி கேட்டேன். "கட்டாயம் திருப்பி அனுப்புவீங்களா?"

இம்முறை அவர் தலையாட்டவில்லை. என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"ஓம் எண்டுறார், அக்கா."

என் பிள்ளை திரும்பி வருவாள் என்று சொன்ன ஒரே ஆள், அவள் தன் நாட்டில் தங்குவதை விரும்பாத அந்த மனிதர்தான். அவரை நம்பலாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.